டெல்டா ஏ.ஆர்.டி. மையங்கள்: முகாம் தமிழருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன?

மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாள்தான் போகிறது. காவிரி டெல்டாவில் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களை, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் குடியிருக்கும் ஒருவர் இடத்தில் நின்று பார்த்தால் மதிப்பீடு இப்படித்தான் வரும். மாத்திரை தரமானது. காசு கேட்பதில்லை. எந்த நாட்டுக் குடிமகன் என்றும் கேட்பதில்லை. ஆனால் அதை வாங்கி வர ஆகும் பொழுது, அதற்காக விட்ட கூலி, முகாமில் சொல்ல வேண்டிய காரணம், திரும்பும்போது பைக்குள் கலகலக்கும் டப்பா எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போட வேண்டும். திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்காரர்களுக்கும், போலீஸ் பதிவோடு வெளியில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறோம்.

அகதிக்குக் கொடுப்பார்களா என்பதுதான் எல்லோருக்கும் முதல் சந்தேகம். கொடுக்கிறார்கள். இந்தியா 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு என்பது உண்மை. ஆனால் மருந்து அந்த உடன்படிக்கையின் பேரில் வருவதில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட 8 அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தின் கீழ் வருகிறது. 2017 முதல் சி.டி.4 (நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள்) அளவு எதுவாக இருந்தாலும், தொற்று உறுதியானதுமே மருந்து என்று ஆகிவிட்டது. 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டமும் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது குடியுரிமையை நிபந்தனையாக வைக்கவில்லை. "நீங்க சிலோன்காரங்க, உங்களுக்குத் தனி லெட்டர் வேணும்" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் அது அவர் சொந்தச் சட்டம். தகராறு செய்யாமல் மையத்தின் மருத்துவ அலுவலரைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆவணம் என்று கேட்டால் முகாம் அடையாள அட்டை போதும். ஆதார் இருந்தால் அதுவும் ஆகும். வெளிப்பதிவுக்காரர்கள் போலீஸ் பதிவு நகலைக் காட்டலாம். சிக்கல் வருவது அட்டை இல்லாததால் அல்ல, அட்டைகளில் பெயர் ஒன்றுபோல் இல்லாததால். முகாம் அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் வேறு, இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. ஒரு மையத்தில் ஒரு அட்டையையும் இன்னொன்றில் வேறொன்றையும் காட்டினால் கணினியில் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். பழைய ரத்த அறிக்கை ஓர் எண்ணிலும் புதியது இன்னோர் எண்ணிலும் கிடக்கும், மருத்துவருக்கு முழுப்படம் கிடைக்காது. முதல் பதிவில் எந்த அட்டையோ, கடைசிவரை அதே அட்டை. கையில் கொடுக்கும் பச்சைப் புத்தகத்தில் உள்ள பதிவு எண்ணைச் செல்போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. படத்தில் பெயர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைப் பகுதி, அதாவது நம்பிக்கை மையம், இந்தச் சேவையில் நன்றாக நடக்கும் பகுதி. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறது. ஆலோசகர் முதலில் பேசுவார், எழுத்தில் சம்மதம் வாங்குவார், பிறகுதான் ஊசி. முதல் சோதனையில் தொற்று தெரிந்தால் வேறு வேறு வகையில் வேலை செய்யும் இன்னும் இரண்டு கிட்டுகளில் பார்த்த பிறகே 'பாசிட்டிவ்' என்று சொல்வார்கள். ஒரே கிட்டில் பார்த்துச் சொன்ன தனியார் லேப் சீட்டை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு உங்கள் கையில்தான் தரப்பட வேண்டும், கூட வந்த அண்ணனிடமோ முகாம் தலைவரிடமோ அல்ல. தொற்றுக்கு வாய்ப்பான சம்பவம் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தால் 'நெகட்டிவ்' வந்தாலும் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது தடவைக்குப் பலர் போவதே இல்லை.

முடிவு உறுதியானதும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். முதல் நாள் வேலை நிறைய: பதிவு, எடை பார்ப்பது, காசநோய் இருக்குமா என்று அறிய நான்கு கேள்வி (இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை), ஆலோசகர், மருத்துவர், ரத்தம். சி.டி.4, ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரலுக்கு ஒரு சோதனை, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், சர்க்கரை. நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. எக்ஸ்ரே வேறு கட்டடத்தில் இருக்கும். அங்கே நீட்டும் சீட்டில் 'ஏ.ஆர்.டி.' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மடித்துக் கொடுங்கள், கேட்டால் மட்டும் விரிக்கலாம். காசநோய் அறிகுறி எதுவும் இல்லையென்றால் எச்.ஐ.வி. உறுதியான 7 நாளுக்குள் மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. தயார் என்றால் அன்றைக்கே கூடத் தொடங்கலாம். காசநோய் இருந்தால் அதற்கான மருந்து முதலில், அதைத் தொடங்கிய 2 வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. மூளைக் காசநோய் மட்டும் விதிவிலக்கு. அதில் 4 வாரமாவது பொறுத்துத்தான் ஆரம்பிப்பார்கள், அவசரப்பட்டால் மூளையில் வீக்கம் கூடும். "மருந்து தராமல் இழுத்தடிக்கிறார்கள்" என்ற புகார்களில் சில இந்தக் காரணத்தால் வருபவை. அதை ஆலோசகர் விளக்கிச் சொல்லாமல் விடுவது மையத்தின் தப்பு.

இனி மாத்திரை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. முன்பிருந்த எஃபாவிரென்ஸ் மாத்திரையில் தலைசுற்றல், கெட்ட கனவு என்று சிலர் பயந்து நிறுத்தினார்கள். இதில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. சிலருக்கு முதல் வாரங்களில் தூக்கம் கெடும். அவர்கள் காலையில் போட்டுக்கொள்ளலாம். சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் இதே கலவைதான். அதனால் அரசு மாத்திரை மட்டம் என்று நினைத்துக் கடன் வாங்கி வெளியில் ஓடுவது வீண்.

ஆனால் இந்த மாத்திரை சில பொருள்களோடு ஒத்துப்போகாது. இதைத்தான் மையங்கள் ஓட்டமாகச் சொல்லி முடித்துவிடுகின்றன, முகாம்காரர்கள் இடறுவதும் இங்கேதான். அசிடிட்டிக்குக் குடிக்கும் வெள்ளை மருந்திலும் மெல்லும் மாத்திரையிலும் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கும். அவை டோலுடெகிராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகவிடாது. ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட்டு 2 மணி நேரம் கழித்து அதைக் குடிக்கலாம். முதலில் குடித்துவிட்டால் ஏ.ஆர்.டி. மாத்திரைக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு. ஆனால் அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் ஒரே நேரத்தில் போடலாம். வெறும் வயிற்றில் மட்டும் சேர்க்கக் கூடாது.

சர்க்கரைக்காரர்கள் மெட்ஃபார்மின் அளவைக் கவனிக்க வேண்டும். டோலுடெகிராவிர் கூட இருந்தால் நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல திட்டம். ஆனால் கொண்டு வரும் தன்னார்வலருக்கு உங்கள் எச்.ஐ.வி. விஷயம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆகவே அந்தச் சர்க்கரை அட்டையை ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் காட்டி, அளவை அவர் வாயால் கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பாகிறது.

முகாம் ஆண்கள் பலருக்குப் பெயிண்டிங் வேலை. நாள் முழுக்கச் சாரத்தில் நின்றுவிட்டு இரவில் மெடிக்கல் கடையில் 'உடம்பு வலிக்கு ஒரு செட்' வாங்கிப் போடுவது வழக்கம். அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரை இருக்கும். டெனோஃபோவிரோடு அது தினசரி சேர்ந்தால் அடி வாங்குவது சிறுநீரகம். எப்போதாவது வலி என்றால் பாரசிட்டமால் பாதுகாப்பு. தொடர்ந்து வலி என்றால் மையத்தில் சொல்லிவிட்டு மாற்று கேளுங்கள், கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் இருந்தால் டோலுடெகிராவிர் 50 மட்டும் உள்ள தனி மாத்திரை ஒன்றை 12 மணி நேரம் கழித்துக் கூடுதலாகத் தருவார்கள். அந்தக் குட்டி டப்பாவை "ரெட்டிப்பா தந்துட்டாங்க" என்று ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. அது தப்பாக வந்ததல்ல, ரிஃபாம்பிசின் டோலுடெகிராவிரைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றுவதால் கொடுப்பது.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. 30 மாத்திரை கொண்ட வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம். நடக்க நடக்கச் சத்தம் போடும். சுவரோடு சுவராக இருக்கும் முகாம் வீட்டில் அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அதனால் பலர் மாத்திரையைக் காகிதத்திலோ தகர டப்பாவிலோ மாற்றிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் அப்படி மாற்றிய மாத்திரை ஈரம் பிடித்துவிடும். டப்பாவை மாற்றாதீர்கள். லேபிளைக் கிழித்துவிட்டு, மூடிக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து அடைத்தால் சத்தம் அடங்கிவிடும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் உள்ளேயே இருக்கட்டும். லேபிளைக் கிழிப்பதற்கு முன் காலாவதித் தேதியைப் பச்சைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு நேர் கீழே, பரண் மேல் வைக்கக் கூடாது, 30 டிகிரிக்கு மேல் தாங்காது. தரையோடு இருக்கும் பெட்டியில், துணிக்கு நடுவில் வைப்பதே மேல்.

மாதாந்திரப் போக்கில் மையத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது ஆலோசகர் மேசை. மிச்ச மாத்திரையோடு டப்பாவைக் கொண்டு வரச் சொல்வார்கள்.

"மிச்சம் எத்தனைண்ணே இருக்கு?"

"ரெண்டு கிடக்கு, தங்கச்சி."

30 கொடுத்து 28-ம் நாள் வந்தால் 2 மிச்சம் இருக்க வேண்டும், சரி. 5 இருந்தால் 3 நாள் விட்டிருக்கிறார். மாதத்துக்கு 1 விட்டாலே எல்லைக்கோட்டில் நிற்கிறோம், 2 விட்டால் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கணக்குத் தப்புமே என்று வரும் வழியில் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் ஏமாற்றுவது ஆலோசகரை அல்ல. மறந்துபோனால் 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் அடுத்த வேளைதான், இரண்டாகப் போடக் கூடாது.

இப்போது குறைகள். பெரிய குறை தேதி. மையம் கொடுக்கும் நாளும் முகாமில் ஆஜர் எடுக்கும் 'செக்கிங்' நாளும் ஒன்றாக விழுந்தால் ஒன்றை விட வேண்டும். செக்கிங்கில் இல்லாவிட்டால் மாத உதவித்தொகைக்குச் சிக்கல். 2021-ல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று வரும் பணம் அது. யாரும் மாத்திரைக்காக அதை விட மாட்டார்கள். ஆகவே மாத்திரை நாள் தள்ளிப்போகிறது, டப்பா காலியாகிறது. மையத்தில் பதியும் அன்றே "இந்தத் தேதிகள் எனக்கு ஆகாது" என்று சொல்லிவிடுங்கள். மாத்திரை தீரும் நாளுக்கு 2, 3 நாள் முன்பே தேதி வாங்குங்கள். ஆலோசகர்கள் இதை மறுப்பதில்லை. கேட்காதவர்களுக்குக் கணினி போட்ட தேதிதான்.

அதைவிடச் சிறந்த வழி, பல மாத மருந்து. மருந்து ஆரம்பித்து நிலையாகி, வைரஸ் அளவு அடங்கி, மாத்திரைக் கணக்கு ஒழுங்காக இருந்தால் 3 மாதத்துக்குச் சேர்த்தே தரலாம் என்று தேசியத் திட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லா மையமும் தானாக முன்வந்து சொல்வதில்லை. இருப்பு குறைவாக இருந்தால் 1 மாதம்தான் தருவார்கள். அப்போது அடுத்த தடவைக்கு நினைவுபடுத்தலாம். புரட்டாசி முடியும் முன் கேட்டு வாங்கி வைப்பது டெல்டாவில் கட்டாயம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் மரம் விழுந்து சாலைகள் அடைபட்டு மின்சாரமும் போன அனுபவம் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கையில் எப்போதும் 2 வார மாத்திரை கூடுதலாக இருக்க வேண்டும்.

பஸ் செலவையும் பார்க்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். முகாமிலிருந்து நகரத்து மருத்துவமனைக்கு டவுன் பஸ் ஓடினால் அக்காமாருக்குச் செலவில்லை. ஆனால் தெரிந்த முகம் இருக்கக் கூடாது என்று பக்கத்து மாவட்ட மையத்தில் பதிந்தால் அது புறநகர்ப் பஸ், டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். ஆண்களுக்கு எதுவும் இலவசமில்லை, ஒரு நாள் பெயிண்டிங் கூலியும் போய்விடும். வேறு மாவட்டத்தில் பதிவது உங்கள் உரிமை, தடுக்க முடியாது. முதல் ஆறு மாதத்தில் அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

பக்கத்திலேயே இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் இருந்தால் நிலையானவர்களை அங்கே மாற்றிவிடுவார்கள். தாலுகா மருத்துவமனை அளவில் இருக்கும் சின்ன மேசை. மாத்திரை அங்கே, ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் பெரிய மையம். நேரம் மிச்சம், காசு மிச்சம். ஆனால் அங்கே லேப்காரர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் உள்ளூர். ஒருவருக்காவது முகாமில் ஆள் தெரிந்திருக்கும். எங்கள் கருத்து: தூரம் தாங்குகிறவர்கள் பெரிய மையத்திலேயே 3 மாதத்துக்கு ஒருமுறை போவது மேல், தாங்காதவர்களுக்கு இணைப்பு மையம். மருந்து விட்டுப்போவதைவிடத் தெரிந்த முகம் குறைந்த ஆபத்து.

ரகசியம் பற்றி இன்னொன்று. தேதி தாண்டினால் முதலில் போன் வரும், பிறகு களப்பணியாளர் வீடு தேடி வருவார். முகாமுக்குள் பையோடு ஒரு புது ஆள் நுழைந்தால் நான்கு வீடு எட்டிப் பார்க்கும். போனும் குடும்பத்துக்கு ஒன்றுதான். பதியும்போதே வீட்டுக்கு வரச் சம்மதமா, எந்த எண், எந்த நேரம், யார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆலோசகரிடம் எழுத வைத்துக்கொள்ளலாம். 'பேருந்து நிலையத்தில் சந்திக்கலாம்' என்றும் எழுதலாம். மையத்துக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இன்னும் சில இடங்களில் இருக்கிறது. டோக்கன் எண்ணால் கூப்பிடும் மையங்களில் கூட்டம் இருந்தாலும் நிம்மதி.

வைரஸ் அளவுப் பரிசோதனை: மருந்து ஆரம்பித்த 6-ம் மாதம், 12-ம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒன்று. ரத்தம் எடுக்க மையத்தில் குறித்த நாள், காலை நேரம் என்று இருக்கும், ஏனென்றால் மாதிரியைப் பிரித்துக் குளிர்ச்சியில் வேறு ஊர் லேபுக்கு அனுப்ப வேண்டும். பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினால் அன்றைக்குப் பெரும்பாலும் முடிந்தது. முடிவு உடனே வராது, அடுத்த தடவை போகும்போது நீங்களே கேட்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் வைரஸ் எண்ணிக்கை 1,000-க்கு மேல் வந்தால் மாத்திரையை உடனே மாற்ற மாட்டார்கள். மூன்று தடவை தொடர் ஆலோசனை, 3 மாதம் ஒழுங்காகப் போட்ட பிறகு மறுபரிசோதனை, அப்போதும் கூடுதலாக இருந்தால் மாநில நிபுணர் குழுவுக்குப் போகும். இந்த இடைவெளியில் சலித்து நிறுத்துகிறவர்களால்தான் சிக்கல் பெரிதாகிறது. சோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அப்படியே தொடர்ந்தால் உடலுறவால் துணைக்குத் தொற்றாது. இதைக் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொல்லும் ஆலோசகர்களுக்கு முழு மதிப்பெண்.

வேலைக்காக வெளியூர் போகும் பெயிண்டர்கள் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ மாத்திரை தீர்ந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. பச்சைப் புத்தகத்தோடு அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால் இடைவழி நோயாளி என்று பதிந்து தற்காலிகமாக மருந்து தருவார்கள். புத்தகம் வீட்டில் இருக்கிறதென்றால் செல்போனில் உள்ள அந்தப் பதிவு எண் கைகொடுக்கும். பக்கத்து மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மாதக்கணக்கில் அங்கேயே தங்குவதென்றால் முறையான இடமாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் சேவை நன்றாகவே இருக்கிறது, தொய்வு பிரசவத்துக்குப் பிறகு. முதல் பிரசவத்துக்கு அம்மா வீடு என்று பெண் வேறு மாவட்ட முகாமுக்குப் போய்விடுவார். பிள்ளைக்கு முதல் 6 வாரம் கொடுக்க வேண்டிய நெவிரபின் சிரப் ஒரு மருத்துவமனையில், 6-ம் வாரம் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தச் சொட்டுப் பரிசோதனை இன்னொன்றில் என்று சிதறும். போவதற்கு முன்பே எந்த ஊர், எந்த மையம் என்று ஆலோசகரிடம் சொன்னால் இரண்டு பக்கமும் பேசி வைப்பார்கள். 6 வாரம், 6 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று நான்கு தடவை பிள்ளைக்குப் பார்க்க வேண்டும். 6-வது வாரத்தில் 'இல்லை' என்று வந்ததும் மற்றதை விட்டுவிடக் கூடாது, தாய்ப்பால் தொடரும்வரை வாய்ப்பு இருக்கிறது. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அம்மா மாத்திரையை விடாமல் இருப்பதும், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதும்தான் முக்கியம். புட்டிப்பாலைக் கலந்து கொடுப்பதுதான் கெடுதல்.

அறுவை சிகிச்சை வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தேவைப்படும். முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் அதில் இடம் உண்டு. ஏ.ஆர்.டி. மருந்துக்கு மட்டும் அந்த அட்டை வேண்டாம். எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அறுவைத் தேதியைத் தள்ளிக்கொண்டே போனாலோ, தொற்றைக் காரணம் காட்டி வேறு ஊருக்கு எழுதினாலோ, சட்டப்படி அந்த மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். புகாருக்கு 30 நாளில் உத்தரவு, உயிருக்கு அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்தில் என்று சட்டம் சொல்கிறது. முகாம்காரர்கள் இதைப் பயன்படுத்தத் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதுதான், முகாமைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவான கியூ பிராஞ்ச் காதுக்குப் போகுமோ என்ற பயம். நோய் விவரத்தைச் சம்மதமில்லாமல் வெளியிடுவதை அதே சட்டம் தடை செய்கிறது. வழக்கு நீதிமன்றம் போனால் பெயரை மறைத்து நடத்தக் கேட்கலாம்.

திருச்சி மத்திய சிறை வளாகத்தில் உள்ள சிறப்பு முகாமில் இருப்பவர்கள் தானாக மையத்துக்குப் போக முடியாது. காவலோடுதான். காவலுக்கு ஆள் கிடைக்காத நாள் மருந்து நாளாக இருந்தால் தேதி தவறும். அங்கிருப்பவரின் உறவினர், மையத்தின் ஆலோசகரிடம் தேதியை முன்கூட்டியே சொல்லி, பல மாத மருந்துக்கு மருத்துவரிடம் எழுதி வாங்க முயலலாம். இந்த இடத்தில் சேவைக்கு மதிப்பெண் குறைவு.

வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கும் குடும்பங்கள் ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல் குடியேற்ற நிலை எதுவானாலும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம். மலேசியாவில் ஐ.நா. அகதி அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி, அதுவே கூலிக்காரருக்குப் பெரிய தொகை. கனடாவுக்கு அகதியாகப் போகிறவர்களுக்கு மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள், ஆனால் செலவு அதிகம் என்று காரணம் காட்டி அகதியை மறுப்பதில்லை. மருந்தை மறைத்து, நிறுத்தி, சோதனைக்குப் போவதில் லாபமே இல்லை. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் எப்படியும் தெரிந்துவிடும்.

இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கு: அங்கும் 2004 முதல் அரசு மருந்து இலவசம், கொழும்பில் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் தலைமை நிலையம், மற்ற மாவட்டங்களில் அதன் கிளினிக்குகள், யாழ்ப்பாணத்திலும் உண்டு. இங்கிருந்து புறப்படும் முன் ஆங்கிலத்தில் இடமாற்றுக் கடிதம் வாங்குங்கள். அதில் கம்பெனிப் பெயர் அல்ல, மருந்துகளின் பெயரும் மில்லிகிராமும் இருக்க வேண்டும். மருந்து ஆரம்பித்த தேதி, முன்பு எந்த மருந்தில் இருந்தார், கடைசி வைரஸ் அளவும் அதன் தேதியும், காசநோய் வந்ததா என்பதும் வேண்டும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலில் போவதானால் மழைக்காலத்தில் சேவை நிற்கும், வானிலை பார்த்துத் தேதி மாறும். குறைந்தது 2 மாத மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். டப்பாவைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில், கடிதத்தின் நகலோடு வையுங்கள். இந்த ஒரு தடவை மட்டும் லேபிளைக் கிழிக்க வேண்டாம்.